வாரம் ஒரு காசு: அருளாளர் பவுலின் ஜாரிக்கோ



ஞாயிறு திருப்பலியில் விசுவாசிகளின் மன்றாட்டு முடிந்து அனைவரும் அமர்கிறோம். பாடகர் குழுவினர் காணிக்கைப் பாடலைத் தொடங்குகிறார்கள். காணிக்கைப் பை வரிசை வரிசையாக வருகிறது. அந்தச் சில நிமிடங்களில் ஆலயத்தில் நடப்பதைப் பீடத்திலிருந்து பார்க்கும் எந்தக் குருவும் நன்றாக அறிவார். சிலர் வீட்டிலேயே எடுத்து வைத்ததைக் கையில் மடித்து வைத்திருப்பார்கள். சிலர் பை அருகில் வந்த பிறகுதான் சட்டைப்பையைத் துழாவுவார்கள். இருப்பதிலேயே சிறிய தாள் எது என்று விரல்கள் தேடும். சில்லறை இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் பையைத் தள்ளிவிட்டுப் பாடல் புத்தகத்தைப் பார்த்துக்கொள்பவர்களும் உண்டு.

இதைப் பற்றிப் பேசுவது எனக்கு எப்போதும் கடினமான காரியம். பல ஆண்டுகளுக்கு முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், ஆலயக் கூரையைப் பழுது பார்க்கத் தாராளமாகக் காணிக்கை தாருங்கள் என்று மறையுரையில் சற்றுக் கடுமையாகவே கேட்டேன். திருப்பலி முடிந்ததும் தினக்கூலி வேலை செய்யும் ஒருவர் என்னிடம் வந்து, தாங்கள் கொடுப்பது எங்கே போகிறது என்று பணிவாகக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. சரியான பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கொடுங்கள் என்று கேட்க எனக்கு எவ்வளவு உரிமை இருந்ததோ, எங்கே போகிறது என்று கேட்க அவருக்கும் அவ்வளவு உரிமை இருந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

இந்த இரண்டையும் தன் வாழ்வால் நமக்குக் கற்றுத்தந்த ஒரு பொதுநிலைப் பெண்ணைப் பற்றி இன்று சிந்திப்போம். ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் உலக மறைபரப்பு ஞாயிறன்று நாம் தனிக் காணிக்கை எடுக்கிறோமே, அந்த வழக்கத்தின் வேரைத் தேடிப்போனால் பிரான்ஸ் நாட்டில் வாழ்ந்த இவரிடம்தான் போய்ச் சேருவோம். அவர் பெயர் பவுலின் ஜாரிக்கோ.

பட்டு வணிகரின் மகள்

பவுலின் 1799ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் புயல் இன்னும் முழுவதும் ஓயாத காலம் அது. லியோன் பட்டுக்குப் பெயர்போன ஊர். பவுலினின் தந்தை அங்கே வசதி படைத்த பட்டு வணிகர். வீட்டில் கடைக்குட்டியான பவுலினுக்குச் செல்லத்துக்குக் குறைவில்லை. அழகான உடை, நகை, விருந்து, பாராட்டு என்று அனைத்தும் கிடைத்தன. அவற்றை அவரும் மிகவும் விரும்பினார்.

அவருக்கு மிக நெருக்கமானவர் அண்ணன் பிலேயாஸ். மறைபரப்புப் பணிக்குச் சீனாவுக்குப் போகவேண்டும் என்பது அந்தச் சிறுவனின் கனவு. தானும் உடன் வருவதாகத் தங்கை அடம் பிடித்தபோது, நீ இங்கேயே இருந்து பொன்னை வாரிக் குவித்து எனக்கு அனுப்பு என்று அண்ணன் விளையாட்டாகச் சொன்னதாக அவருடைய வாழ்க்கை வரலாற்றில் கூறப்படுகிறது. அந்தப் பிள்ளை விளையாட்டை ஆண்டவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதைப் பின்னால் காண்போம்.

பவுலினுக்கு 15 வயதாக இருந்தபோது கீழே விழுந்து கடுமையாக நோயுற்றார். உடலும் மனமும் தளர்ந்துபோயின. அதே ஆண்டின் இறுதியில், 1814 நவம்பரில், தாயும் இறந்தார். உடல் தேறியதும் பவுலின் மறுபடியும் பழைய ஆடம்பர வாழ்வுக்கே திரும்பினார். ஆயினும் உள்ளத்தில் ஏதோ ஒரு வெறுமை இருந்தது.

1816ஆம் ஆண்டு தவக்காலத்தில் லியோனின் புனித நிசியே ஆலயத்தில் வூர்ட்ஸ் என்ற குரு வீண்பெருமையைப் பற்றி மறையுரை ஆற்றினார். 16 வயதுப் பவுலினின் இதயத்தை அது ஊடுருவியது. நகைகளை விற்றார். பட்டாடைகளைக் களைந்து, ஏழைத் தொழிலாளப் பெண்கள் உடுத்துவது போன்ற எளிய உடையை உடுத்தத் தொடங்கினார். மருத்துவமனைகளில் தீராத நோயாளிகளைச் சந்தித்துப் பணிவிடை செய்தார். அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவின்போது ஃபூர்வியேர் குன்றிலுள்ள அன்னை மரியாவின் சிற்றாலயத்தில் தன்னை முழுவதும் கடவுளுக்கு அர்ப்பணித்தார். ஆனால் அவர் துறவற மடம் எதிலும் சேரவில்லை. இறுதிவரை பொதுநிலையினராகவே வாழ்ந்தார். குடும்பத்திலும் தொழிலிலும் இருக்கும் நமக்கு இது பெரிய ஊக்கம் அல்லவா?

பத்துப் பேர், ஒரு காசு

பிலேயாஸ் குருவாகப் படிப்பதற்காகப் பாரிஸ் சென்றிருந்தார். கீழை நாடுகளில் பணியாற்றும் மறைபரப்பாளர்கள் படும் துன்பங்களை, பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர் பணமின்றித் தவிப்பதை அவர் தங்கைக்குக் கடிதங்களில் எழுதினார். புரட்சியில் அனைத்தையும் இழந்திருந்த பிரான்ஸ் திருச்சபைக்கு அப்போது தன்னையே தாங்கிக்கொள்ள முடியவில்லை. தொலைதூர நாடுகளுக்கு யார் அனுப்புவது? எதைக் கொண்டு அனுப்புவது?

பவுலின் செல்வந்தர்களின் வாசலுக்குப் போகவில்லை. சான் வல்லியே என்ற ஊரில் அவருடைய அக்காள் குடும்பத்துக்கு ஒரு பட்டு ஆலை இருந்தது. அங்கே வேலை செய்த பெண்களிடமும், தன்னோடு சேர்ந்து செபித்து வந்த ஏழைப் பணிப்பெண்களிடமும் அவர் போனார்.

1819ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு மாலைப்பொழுது. வீட்டார் சீட்டு விளையாடிக் கொண்டிருக்க, பவுலின் அடுப்பருகே அமர்ந்து சிந்தித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தத் திட்டம் அவர் மனத்தில் தெளிவாக உருவானது. மிக எளிய திட்டம். ஒருவர் தனக்குத் தெரிந்த பத்துப் பேரைச் சேர்க்கவேண்டும். ஒவ்வொருவரும் நாள்தோறும் மறைபரப்புப் பணிக்காகச் செபிக்கவேண்டும். வாரம் ஒரு சூ காசு கொடுக்கவேண்டும். பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர். பத்துக் குழுக்களுக்கு, அதாவது நூறு பேருக்கு, ஒரு பொறுப்பாளர். நூறு பேர் கொண்ட பத்துக் குழுக்களுக்கு, அதாவது ஆயிரம் பேருக்கு, இன்னொருவர்.

சூ என்பது அன்றைய பிரான்சின் சில்லறைக் காசு. இருபது சூ சேர்ந்தால்தான் ஒரு பிராங்க். ஆலையில் வேலை செய்யும் பெண்ணாலும் வாரம் ஒரு சூ எடுத்து வைக்க முடியும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேர் கொடுத்தால் வாரம் அரை பிராங்க். ஆயிரம் பேர் கொடுத்தால் வாரம் 50 பிராங்க். ஓர் ஆண்டுக்கு 2,600 பிராங்க்!

இதில் புதுமை என்ன? பணக்காரர் ஒருவர் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டுப் போவது எப்போதும் இருந்ததுதான். ஆனால் ஏழையிடமும் கேட்கலாம், ஏழையும் உலகத் திருச்சபையைத் தாங்கலாம் என்று பவுலின் நம்பினார். ஏழையிடம் கேட்பது அவரைச் சுரண்டுவது ஆகாதா என்று சிலருக்குத் தோன்றலாம். ஏழையிடம் கேட்காமலே விடுவதும் ஒருவகையில் அவரை அவமதிப்பதுதான். எருசலேம் ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு செப்புக்காசுகளைப் போட்ட ஏழைக் கைம்பெண்ணை ஆண்டவர் இயேசு பரிதாபத்தோடு பார்க்கவில்லை; வியப்போடு பார்த்தார். மற்ற எல்லாரையும் விட அவரே மிகுதியாகப் போட்டார் என்று தம் சீடரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

திட்டம் வேகமாகப் பரவியது. எதிர்ப்பும் உடன் வந்தது. ஓர் இளம்பெண் ஊராரிடம் பணம் சேர்ப்பதாவது என்று குருக்கள் சிலரே முகம் சுளித்தார்கள். பவுலின் அமைதியாகத் தொடர்ந்தார்.

1822ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் லியோனில் குருக்களும் பொதுநிலையினருமாகச் சிலர் கூடினார்கள். அமெரிக்காவின் லூயிசியானா மறைமாவட்டத்துக்கு உதவுவதற்காகத் தொடங்கிய முயற்சி அது. ஆனால் ஒரு மறைமாவட்டத்துக்கு மட்டுமன்றி உலகின் எல்லா மறைபரப்புத் தளங்களுக்கும் உதவவேண்டும் என்று அங்கே முடிவாயிற்று. பவுலினின் பத்துப் பேர் குழு முறையே அதற்கு அடித்தளம் ஆனது. இவ்வாறு மறைபரப்புக் கழகம் பிறந்தது. முதல் ஆண்டில் சேர்ந்தது ஏறத்தாழ 23,000 பிராங்க். அதில் மூன்றில் ஒரு பங்கு ஆசியாவுக்கும், மீதி அமெரிக்காவின் லூயிசியானா, கென்டக்கி மறைமாவட்டங்களுக்கும் போயிற்று. அப்போது பவுலினுக்கு வயது 22. கழகத்தின் நிர்வாகக் குழுவில் அவருக்கு இடம் இல்லை. அதைப் பற்றி அவர் குறை சொல்லவும் இல்லை.

அந்தக் காசு நம்மிடமும் வந்தது

அன்பார்ந்தவர்களே, இது எங்கோ நடந்த கதை என்று எண்ணிவிடவேண்டாம். பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர்தாம் 1776 முதல் புதுச்சேரியில் பணியாற்றி வந்தவர்கள். 1838இல் பிரெஞ்சு இயேசு சபையினர் மீண்டும் மதுரை மறைபரப்புத் தளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வெயிலிலும் வாந்திபேதியிலும் அவர்களுள் பலர் இளம் வயதிலேயே இறந்தார்கள். இவ்விரு தளங்களையும் தாங்கியவற்றுள் லியோனிலிருந்து வந்த உதவியும் ஒன்று. நம் முன்னோர் செபித்த சிற்றாலயங்களுக்கும் படித்த பள்ளிகளுக்கும் பின்னால், தமிழ்நாடு எங்கே இருக்கிறது என்றே அறியாத ஒரு நெசவாலைப் பெண்ணின் வாரக் காசு இருந்திருக்கிறது!

அந்தப் பெண்களுக்குக் கணக்கும் சொல்லப்பட்டது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. கழகம் ஓர் இதழை வெளியிட்டது. மறைபரப்பாளர்கள் எழுதிய கடிதங்கள் அதில் வந்தன. மதுரையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் போன கடிதங்களும் அவற்றுள் உண்டு. எவ்வளவு சேர்ந்தது, எந்த நாட்டுக்கு எவ்வளவு போனது என்ற கணக்கும் ஆண்டுதோறும் அச்சாயிற்று. பத்துப் பேர் குழுவில் அந்த இதழ் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. தான் போட்ட காசு எங்கே போனது என்பதை ஓர் ஏழைப் பெண் தெரிந்துகொண்டார். என்னிடம் அந்தத் தினக்கூலித் தொழிலாளி கேட்டதும் இதைத்தானே?

கொடுத்தவர் ஏழையானார்

1826இல் பவுலின் வாழும் செபமாலை இயக்கத்தைத் தொடங்கினார். 15 பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் நாளும் ஒரு மறைபொருளைச் சிந்தித்து ஒரு பத்து மணி செபிப்பார்கள். 15 பேரும் சேர்ந்தால் முழுச் செபமாலையும் நிறைவுபெறும். காசைப் போலவே செபத்தையும் சிறுசிறு பகுதியாகப் பகிர்ந்து கொடுத்தார். 1835இல் மரணத்தின் வாசல் வரை சென்ற இதய நோயிலிருந்து இத்தாலியின் முஞ்ஞானோ திருத்தலத்தில் குணம் பெற்றார்.

ஆனால் அவருடைய பெரும் சிலுவை இனிமேல்தான் வரவிருந்தது. லியோனின் பட்டு நெசவாளர்கள் கூலி போதாமல் 1831லும் 1834லும் கிளர்ந்தெழுந்தார்கள். இரத்தம் சிந்தப்பட்டது. தொழிலாளர் படும் பாட்டை அருகிலிருந்து பார்த்த பவுலின், அவர்கள் நியாயமான கூலியோடும் குடும்பத்தோடும் மாண்போடும் வாழ ஓர் இடம் வேண்டும் என்று கனவு கண்டார். 1845இல் தெற்குப் பிரான்சின் ருஸ்திரேலில் ஓர் இரும்பு உருக்காலை வாங்கப்பட்டது. பவுலின் தன் சொத்தை அதில் போட்டார். அவரை நம்பிப் பலரும், எளிய மக்கள் உட்பட, தங்கள் சேமிப்பைக் கொடுத்தார்கள். ஆனால் நிர்வாகத்தை அவர் நம்பி ஒப்படைத்தவர்கள் மோசடி செய்தார்கள். 1852இல் அனைத்தும் திவாலாயிற்று.

ஏமாற்றப்பட்டவர் அவரே. ஆனால் ஏமாந்துவிட்டேன் என்று சொல்லி அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. என்னை நம்பி ஏழைகள் கொடுத்த பணம், அதை நான் திருப்பித் தரவேண்டும் என்று உறுதி கொண்டார். இருந்ததை விற்றார். ஊர் ஊராகச் சென்று கையேந்தினார். தான் வித்திட்ட மறைபரப்புக் கழகத்தின் பொறுப்பாளர்களிடம் உதவி கேட்டபோது, அவரே அக்கழகத்துக்கு அடித்தளமிட்டவர் என்பதைக்கூட அவர்கள் ஏற்க மறுத்தார்கள். 1853இல் லியோன் நகரின் ஏழைகள் பட்டியலில் அவர் பெயர் பதிவாயிற்று. பொன்னை வாரிக் குவிக்கச் சொன்ன அண்ணனின் தங்கை, உலகெங்கும் ஆலயங்கள் எழக் காரணமானவர், இப்போது பிச்சைக்காரி!

அவர் கசப்படையவில்லை. மன்னித்தார். செபித்தார். கடனைத் தீர்க்க இறுதிவரை போராடினார். 1862ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள், ஏழையாகவே, தம் 62ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

மனிதர் மறந்தாலும் ஆண்டவர் மறக்கவில்லை. 1922இல் திருத்தந்தை 11ஆம் பயஸ் அக்கழகத்தைத் திருத்தந்தையின் நேரடிப் பொறுப்பில் உள்ள கழகமாக உயர்த்தினார். 1926இல் உலக மறைபரப்பு ஞாயிறை ஏற்படுத்தினார். 1963இல் திருத்தந்தை 23ஆம் யோவான் பவுலினை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். 2022 மே 22 அன்று, கழகம் பிறந்த 200ஆம் ஆண்டில், லியோன் நகரில் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

நமக்கு என்ன செய்தி?

முதலாவது, காணிக்கை திருப்பலிக்கு நடுவே வரும் இடைவேளை இல்லை, திருப்பலியின் பகுதி. கி.பி. 150ஆம் ஆண்டளவில் வாழ்ந்த புனித ஜஸ்டின், அக்காலத்து ஞாயிறு வழிபாட்டை விவரிக்கும்போது, வசதியுள்ளோர் மனமுவந்து கொடுத்ததையும், அது அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டோர், அந்நியர் ஆகியோருக்குச் சென்றதையும் எழுதி வைத்திருக்கிறார். அப்பமும் இரசமும் பீடத்துக்குப் போகும்போது நம் உழைப்பும் கூடவே போகிறது. பையில் போடுவது பங்குத்தந்தைக்குக் கொடுப்பது ஆகாது, கடவுளுக்குக் கொடுப்பது.

இரண்டாவது, தாராளம் என்பது தொகையில் மட்டும் இல்லை, தவறாமையிலும் இருக்கிறது. வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கு ஏற்பச் சேமித்து வைக்கவேண்டும் என்று புனித பவுல் கொரிந்து மக்களுக்கு எழுதினார். பவுலினின் வாரக் காசும் அதுவே. சனிக்கிழமை இரவே குடும்பமாக அமர்ந்து, இந்த வாரம் ஆண்டவர் நமக்குச் செய்த நன்மைகளை எண்ணி, நம் காணிக்கையை எடுத்து ஓர் உறையில் வைத்தால் என்ன? பை வரும்போது சில்லறை தேட வேண்டியிராது. பிள்ளைகளிடமும் அவர்களுடைய கைச்செலவிலிருந்தே ஒரு சிறு பங்கைக் கேளுங்கள். அப்பாவின் காசை வாங்கிப் போடும் குழந்தை பையை மட்டுமே அறியும். தன் காசைப் போடும் குழந்தை கொடுத்தலை அறியும். வசதியுள்ளவர்களே, ஆலைப் பெண்ணுக்கு ஒரு சூ பெரிதாக இருந்தது. நமக்குப் பெரிதாக இருப்பது எது என்பதை நாமே நம் மனச்சாட்சியிடம் கேட்டுக்கொள்வோம்.

மூன்றாவது, காசோடு செபமும் சேரவேண்டும். பவுலின் இவ்விரண்டையும் பிரிக்கவே இல்லை. நம் அன்பியங்களில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒருமுறை மறைபரப்புப் பணிக்காகச் செபித்து, சிறு தொகையை எடுத்து வைத்தால், மறைபரப்பு ஞாயிறு நமக்கு ஒருநாள் சடங்காக இராது.

நான்காவது செய்தி என் போன்ற குருக்களுக்கும், பங்குப் பேரவையினருக்கும், நிதிக்குழுவினருக்கும் உரியது. ஏழையின் காசு புனிதமானது. எருசலேம் திருச்சபைக்காகத் திரட்டிய பணத்தைக் கொண்டுபோகப் புனித பவுல் நம்பிக்கைக்குரியவர்களைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். கடவுள் முன்னிலையில் மட்டுமன்றி மனிதர் முன்னிலையிலும் நேர்மையாக விளங்க விரும்பினார். தாம் திருடாத பணத்துக்காகப் பவுலின் ஜாரிக்கோ பத்தாண்டுகள் கையேந்தினார் என்றால், நம் கையில் ஒப்படைக்கப்பட்ட பணத்துக்கு எவ்வளவு கருத்தாகக் கணக்குச் சொல்லவேண்டும்! அறிவிப்புப் பலகையில் மாதக் கணக்கை ஒட்டாமல் தாராளத்தைப் பற்றி மறையுரை ஆற்றுவதில்லை என்று நான் எனக்கே ஒரு விதி வைத்திருக்கிறேன். அந்தத் தொழிலாளிக்கு நான் சொல்லத் தவறிய பதில் அது. கணக்குக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் கணக்குக் கேட்பதையே கொடுக்காமல் இருப்பதற்குச் சாக்காக ஆக்கிவிடாதீர்கள்.

வரும் ஞாயிறு காணிக்கைப் பை உங்கள் வரிசைக்கு வரும்போது, லியோன் நகரத்து ஆலைப் பெண் ஒருத்தியை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். நம்மை அறியாமலே அவர் நமக்குக் கொடுத்தார். நாமும் நாம் அறியாத ஒருவருக்காகக் கொடுப்போம்.

செபிப்போம்: அன்பின் ஆண்டவரே, கைம்பெண்ணின் இரு காசுகளை ஏற்றுக்கொண்டவரே, எங்கள் கைகளைத் திறந்தருளும். கொடுப்பவருக்கு மகிழ்ச்சியையும், பெறுபவருக்கு நன்றியையும், காப்பவருக்கு நேர்மையையும் தாரும். உம் அடியார் பவுலினைப் போல, இருப்பதைக் கொடுக்கவும், இழந்த போதும் உம்மைப் பற்றிக்கொள்ளவும் எங்களுக்கு அருள்புரியும். ஆமென்.